எதுகை விடுகதை: குறிப்பு ஒன்று, விடை இரண்டு சொல்

‘களிற்றுப் படை’ என்பது குறிப்பு. விடை இரண்டே சொல். இரண்டும் ஒன்றுக்கொன்று எதுகையாக நிற்க வேண்டும். கொஞ்சம் யோசித்தால் ‘யானைச் சேனை’ என்று வந்துவிடும். விளையாட்டு இவ்வளவுதான். ஒருவர் குறிப்பைச் சொல்வார், மற்றவர் அதை ஓசை பொருந்திய இரு சொல்லாக மாற்றிச் சொல்வார். பலகையோ காயோ அட்டையோ தேவையில்லை.

ஆங்கிலத்தில் இதை ‘ஹிங்க் பிங்க்’ என்பார்கள். விடைச் சொல் ஒவ்வொன்றிலும் ஓர் உயிரொலி மட்டும் இருந்தால் ஹிங்க் பிங்க், இரண்டு இருந்தால் ஹிங்கி பிங்கி, மூன்று இருந்தால் ஹிங்கெட்டி பிங்கெட்டி. எந்த வகை என்று சொன்னதுமே விடையின் நீளம் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு அது, நாமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய ஓசை விதியை அப்படியே எடுத்து வந்தால் தமிழில் விளையாட்டு படுத்துவிடும்.

காரணம் நம் விகுதிகள். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி ஒத்திருந்தால் போதும். தமிழில் கடைசியை மட்டும் பார்த்தால் மரங்கள், வீடுகள், எண்ணங்கள் எல்லாமே ஒத்துப்போகும். வந்தான், சென்றான், உறங்கினான் என்று எந்த வினையும் எந்த வினையோடும் சேரும். இதற்கு இயைபு என்று பெயர், பாட்டில் அதற்கு அழகான இடமும் உண்டு. விடுகதையில் அது விடை தேடுபவருக்குத் துளியும் உதவாது. குறிப்பின் பொருளைப் பிடித்துக்கொண்டு பத்துச் சொற்களை யோசிக்கும் ஒருவருக்கு, அதில் ஒன்பதைத் தள்ளிவிடத் துணை செய்வதுதான் ஓசையின் வேலை. எதையும் தள்ளாத ஓசை இருந்தும் பயனில்லை.

ஆகவே தமிழில் இதை எதுகையில்தான் ஆட வேண்டும், அதிலும் தலையாகு எதுகையில். எதுகையின் அடிப்படை விதி பள்ளியில் படித்ததுதான்: முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில், இரண்டாம் எழுத்து ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றினால் அது இடையாகு எதுகை. முதல் எழுத்து நீங்கலாக மீதி எல்லாமே ஒன்றினால் தலையாகு எதுகை. ‘கள்ளப் பிள்ளை’ இடையாகு. ‘வெள்ளை’யும் ‘பிள்ளை’யும் தலையாகு. விளையாட்டுக்கு இரண்டாவதையே கட்டாய விதியாக வையுங்கள். இடையாகு எதுகையை அனுமதித்தால் ஒரே குறிப்புக்கு ஆளாளுக்கு ஒரு விடை வரும், யாருடையது சரி என்பதிலேயே நேரம் போய்விடும்.

எதுகை முதல் எழுத்தின் அளவைத்தான் கேட்கிறது, உயிரொலியைக் கேட்பதில்லை. அதனால் ‘மாடு’ என்பதற்கு ‘காடு’ம் எதுகை, ‘வீடு’ம் எதுகை. காதுக்கு முதலாவது நெருக்கம், இரண்டாவது சற்று விலகல். புதிதாக ஆடுபவர்களுக்கு முதல் எழுத்தின் உயிரும் ஒத்த விடைகளைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் உயிர் மாறும் விடைகளுக்குப் போவது நல்லது.

எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் காதை நம்பும்போதுதான். ‘மஞ்சள் ஊஞ்சல்’ கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் ம குறில், ஊ நெடில்; போதாததற்கு ஒன்றின் முடிவில் ள், இன்னொன்றின் முடிவில் ல். இரண்டு இடத்தில் அடிபடுகிறது. ‘கரும்பு எறும்பு’ இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் பொருளிலும் அது இயல்பாக இருக்கிறது. ஒன்றில் இடையின ர, மற்றதில் வல்லின ற. ‘கரும்பு’க்கு உரிய இணை ‘இரும்பு’, ‘எறும்பு’க்கு உரிய இணை ‘குறும்பு’. ‘அண்ணன் மன்னன்’ ண்-ன் வேறுபாட்டில் விழுகிறது, ‘கிளி எலி’ ள-ல வேறுபாட்டில்.

பேச்சில் இந்த ஒலிகளை வேறுபடுத்தாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக விதியைத் தளர்த்தலாமே என்று கேட்பார்கள். தளர்த்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ‘எறும்புக்கு இணை கரும்பு இல்லை, குறும்பு’ என்று ஒருமுறை விளையாட்டில் தோற்றுத் தெரிந்துகொண்ட குழந்தை, அந்த இரண்டு எழுத்தையும் எழுதும்போது அவ்வளவு எளிதில் குழப்பிக்கொள்ளாது. நூறு முறை இம்போசிஷன் எழுதுவதைவிட இது நன்றாகவே வேலை செய்யும்.

எழுத்து மாறினால் குடும்பமே மாறுவதற்கு ஒரு சொல் நல்ல எடுத்துக்காட்டு. கருப்பு, கறுப்பு என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். இடையின ர போட்டால் செருப்பு, நெருப்பு, பருப்பு, இருப்பு எல்லாம் இணையாகும். ‘இருட்டு நிறக் காலணி’ என்ற குறிப்புக்குக் ‘கருப்புச் செருப்பு’ விடை. வல்லின ற போட்டால் வெறுப்பு, மறுப்பு, பொறுப்பு பக்கம் போய்விடும். ‘இருட்டு நிறத்தைக் கண்டாலே ஆகாது’ என்பதற்குக் ‘கறுப்பு வெறுப்பு’. இந்த மாதிரி இரட்டை எழுத்துவழக்கு உள்ள சொல்லில் இரண்டையும் ஏற்றுக்கொள்வதாக ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். எந்த அகராதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் புணர்ச்சி. இது ஆங்கிலக்காரர்களுக்கு இல்லாத தலைவலி. வட்டம், பட்டம் இரண்டும் அப்பழுக்கில்லாத தலையாகு எதுகை. சேர்த்துச் சொன்னால் ம் கெட்டு ‘வட்டப் பட்டம்’ ஆகிவிடுகிறது. காடு, மாடு சேர்ந்தால் ‘காட்டு மாடு’. முதல் சொல்லில் ட் இரட்டித்துவிட்டது. குரங்கு, அரங்கு சேர்த்து எழுதினால் ‘குரங்கரங்கு’. கல், பல் சேர்ந்தால் ‘கற்பல்’. ல் போய் ற் வந்ததில் எதுகையே காணாமல் போனது.

இதற்கு ஒரே வழி: எதுகையைச் சோதிப்பது அகராதி வடிவத்தில், விடையைச் சொல்வது புணர்ந்த வடிவத்தில். அதாவது காடு-மாடு ஒக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லும்போது ‘காட்டு மாடு’ என்றே சொல்ல வேண்டும். எழுத்து எண்ணிக்கை கொடுப்பதானாலும் அகராதி வடிவத்துக்கே கொடுங்கள்: காட்டு மாடு (2, 2), வட்டப் பட்டம் (4, 4). மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும். தலையாகு எதுகை என்பதால் இரண்டு எண்ணும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றாக இல்லை என்றால் எங்கோ தப்பு. கல்-பல் மாதிரி புணர்ச்சியில் உருவே சிதைந்துபோகும் இணைகளை நான் விட்டுவிடுவேன். அதில் இன்பமில்லை.

இனி, விடுகதை உண்டாக்குவது. குறிப்பிலிருந்து தொடங்காதீர்கள், விடையிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாலை எடுத்துக்கொள்ளுங்கள், ‘-ட்டி’ என்று வைப்போம். அதன் முன்னால் முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். தமிழில் சொல்லுக்கு முதலில் எல்லா எழுத்தும் வராது என்பது இங்கே பெரிய வசதி. குறில் வரிசைக்கு அ, இ, உ, எ, ஒ ஆகிய உயிர் 5. க, ச, த, ந, ப, ம என்ற ஆறு மெய்யோடு இந்த ஐந்தும் சேர்ந்து 30. வகரத்தில் வு, வொ முதலில் வராததால் 3. மொத்தம் 38 இடங்களைத் தட்டிப் பார்த்தால் போதும். நெடில் வரிசைக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஓ வைத்து அதே 38. அதற்கு மேல் யா, ஞா, மற்றும் ‘ரொட்டி’, ‘லட்டு’ போல வந்து சேர்ந்த சொற்களின் ர, ல. குறில் பட்டியலையும் நெடில் பட்டியலையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள், கலந்துவிடக் கூடாது.

‘-ட்டி’க்குக் குறிலில் கிடைப்பவை: கட்டி, குட்டி, கெட்டி, சட்டி, சுட்டி, தட்டி, தொட்டி, பட்டி, பெட்டி, முட்டி, மெட்டி, வட்டி, வெட்டி, ரொட்டி. இந்தப் பட்டியலில் அடைமொழியாக முன்னால் நிற்கக்கூடியவை எவை என்று பாருங்கள். குட்டி, கெட்டி, சுட்டி, வெட்டி. அவற்றைச் சுழித்துவிட்டு, மற்றவற்றோடு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். குட்டி மெட்டி: கால்விரலுக்குச் சின்ன அணி. கெட்டி ரொட்டி: பல்லுக்கு வேலை வைக்கும் சுட்ட மாவு. வெட்டி வட்டி: வீணாகக் கட்டும் கடன் கூலி. சுட்டிக் குட்டி: துறுதுறுவென்று ஓடும் விலங்குப் பிள்ளை. ஒரே வாலில் பத்து விடுகதை வரை எளிதாகத் தேறும்.

நிறம், பொருள், அளவு, இடம் இவற்றில் ஒன்றைக் குறிக்கும் சொல் இருக்கும் வால்கள்தான் வளமானவை. நீலம் இருக்கும் ‘-லம்’, தங்கம் இருக்கும் ‘-ங்கம்’, இரும்பு இருக்கும் ‘-ரும்பு’, குண்டு இருக்கும் ‘-ண்டு’. எல்லாவற்றிலும் வளமானது நெடிலோடு வரும் ‘-டு’ என்பேன். காட்டு மாடு, நாட்டு மாடு, வீட்டு மாடு மூன்றுமே நாம் நிஜமாகப் புழங்கும் சொற்கள். போதாததற்கு ‘ஓட்டு வீடு’ வேறு. ‘சுட்ட மண் வேய்ந்த குடியிருப்பு’ என்று குறிப்புக் கொடுத்துப் பாருங்கள். விடை தெரிந்ததும், இதுநாள்வரை இது எதுகை என்று தோன்றவே இல்லையே என்று ஆச்சரியப்படுவார்கள்.

அப்படி ஏற்கெனவே மொழியில் இருக்கும் இணைகளைத் தேடுவது தனி இன்பம். தடியடி, காரசாரம் இரண்டும் எதுகைதான். இணைமொழிகளில் பாதி மோனையில் ஓடும் (தோட்டம் துரவு, சண்டை சச்சரவு, குண்டும் குழியும்), அவை நமக்கு உதவாது. மீதியில் எதுகை இருக்கிறது: அக்கம் பக்கம், ஆட்டம் பாட்டம், அடிதடி, காடு மேடு, பட்டி தொட்டி, அருமை பெருமை, பழக்க வழக்கம், கண்டதுண்டம், வாட்டசாட்டம். இவற்றுக்குக் குறிப்பு எழுதும்போது இணைமொழியின் வழக்கப் பொருளைச் சொன்னால் சப்பென்று ஆகிவிடும். ‘வனமும் உயர்ந்த நிலமும்’ என்று இரண்டு சொல்லையும் நேர்ப்பொருளில் பிரித்துக் கொடுங்கள். ‘காடு மேடு’ சட்டென்று விளங்காது, விளங்கியதும் விடாது.

குறிப்பு எழுதுவதுதான் உண்மையான கைவேலை. தொல்காப்பியர் விடுகதையைப் ‘பிசி’ என்று சொல்லி இரண்டு வகையாக்குகிறார்: உவமையின் வழியே சொல்வது ஒன்று, தோன்றுவதைச் சொல்லி ஊகிக்க விடுவது மற்றொன்று. இரண்டும் இங்கே செல்லும். இவற்றோடு மூன்றாவதாக நேர்ச்சொல் மாற்றம் ஒன்று உண்டு. களிற்றுப் படை அந்த வகை: களிறு என்பதற்கு யானை, படை என்பதற்குச் சேனை. இரண்டு சொல்லுக்கும் இரண்டு சொல், அதே வரிசையில். இதைவிடச் சுத்தமான குறிப்பு கிடையாது, கிடைக்கும்போது விடாதீர்கள்.

வரிசை முக்கியம். தமிழில் அடை முன்னால், தலைச்சொல் பின்னால். குறிப்பின் கடைசிச் சொல் விடையின் கடைசிச் சொல்லைக் குறிக்க வேண்டும். ‘நதியின் அடியில் கால் புதையும் குழம்பு’ என்றால் ஆற்றுச் சேறு. ‘கால் புதையும் குழம்பாக ஓடும் நதி’ என்றால் சேற்று ஆறு. இரண்டுமே நல்ல விடுகதைகள், ஆனால் ஒன்றுக்கு மற்றதை விடையாகச் சொன்னால் தவறு என்றே சொல்ல வேண்டும்.

குறிப்பில் மிக அடிக்கடி நேரும் பிழை, பல விடைகளுக்கு இடம் கொடுப்பது. ‘சிறிய கொள்கலம்’ என்று எழுதிவிட்டுக் ‘குட்டிப் பெட்டி’யை எதிர்பார்ப்பார்கள். குட்டித் தொட்டியும் சரிதான், குட்டிச் சட்டியும் சரிதான். மூன்றும் மூன்றெழுத்து, மூன்றும் தலையாகு. கேட்பவர் ‘தொட்டி’ என்பார், சொன்னவர் ‘இல்லை’ என்பார், ஆட்டம் கெடும். குறிப்பில் ஒரு பயனைச் சேர்த்தால் போதும்: ‘துணி வைத்துப் பூட்டச் சிறியது’ என்றால் பெட்டி, ‘மீன் வளர்க்கச் சிறியது’ என்றால் தொட்டி, ‘அடுப்பில் ஏற்றச் சிறியது’ என்றால் சட்டி. வால் வளமாக இருந்தால் இந்த ஆபத்தும் அதிகம் என்பதால், குறிப்பை எழுதி முடித்ததும் பழைய பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டி, வேறு ஏதாவது பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பிழை, குறிப்பின் முழுச் சுமையையும் ஒரே சொல்லின் மேல் ஏற்றுவது. ‘குண்டு நண்டு’க்குப் ‘பத்துக்கால் பிராணி’ என்று மட்டும் சொன்னால் நண்டு கிடைக்கும். முதல் சொல்லை எங்கிருந்து எடுப்பது? ‘பருத்த பத்துக்கால் பிராணி’ என்று இருக்க வேண்டும். குறிப்பில் விடைச் சொல்லோ அதன் வேரிலிருந்து வந்த சொல்லோ வரக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. குறிப்பு ஏழெட்டுச் சொல்லைத் தாண்டினால் விடையை மாற்றுங்கள்: அந்த இணைக்கு இயல்பான பொருள் இல்லை என்று அர்த்தம்.

இதற்கு அண்ணன் தம்பி முறையில் ஒரு விளையாட்டு உண்டு, இரண்டு வரிப் பாட்டில் ஒரு சொல்லை விட்டுவிட்டு நிரப்பச் சொல்வது. ஆங்கிலத்தில் வெற்றிடம் வரியின் கடைசியில் வரும், ஓசை அங்கேதான் என்பதால். தமிழில் அடியெதுகை வரியின் தொடக்கத்தில் நிற்கிறது. வெற்றிடத்தையும் அங்கேயே வைக்க வேண்டும்.

பானை வயிறன், முறம்போல் காதன்;
______ என்றால் யார்தான் அறியார்?

முதல் வரியின் முதல் சொல் ‘பானை’ என்பதால் ‘யானை’ தவிர வேறு எதுவும் உட்காராது. யானைக்கு வேறு பெயர்கள் எத்தனையோ உண்டு. களிறு, வேழம், கரி எல்லாம் பொருளால் சரி, ஓசையால் தள்ளுபடி. இன்னொன்று:

விரும்பிக் கடிப்பார், மென்று துப்புவார்;
______ முழுக்கக் கணுவை எண்ணுவார்.

இங்கே ‘கரும்பு’. விரும்பி, கரும்பு என்று கடைசி எழுத்தின் உயிர் மாறினாலும் பாட்டில் அது உறுத்தாது. தலையாகு எதுகைக் கட்டாயம் இரு சொல் ஆட்டத்துக்கு மட்டும்தான். ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு இந்த வடிவம்தான் ஏற்றது. முதல் வரியை உரக்கச் சொல்லி, முதல் சொல்லில் குரலை அழுத்தி, வெற்றிடத்தில் கைதட்ட வேண்டும்.

இரு சொல் ஆட்டத்தை ஏழெட்டு வயதில் ஈரெழுத்துச் சொற்களில் தொடங்கலாம்: எலி வலி, கிளி உளி, யானைப் பானை. நான்கெழுத்துக்குப் போனதும் சுவை ஏறும். ‘சேட்டை செய்யும் ஆறுகால் பூச்சி’ குறும்பு எறும்பு; ‘வானரங்கள் நாடகம் போடும் இடம்’ குரங்கு அரங்கு. எழுத்துகள் கூடக் கூட இணைகள் குறையும், அதனால் குறிப்பு சற்றுத் தளர்வாக இருந்தாலும் விடை ஒன்றே ஒன்றாக நிற்கும். நீளமான விடைதான் கடினம் என்று நினைப்பார்கள், நடைமுறையில் ஈரெழுத்து விடைகளே ஆளைத் திணறடிக்கும்.

கூட்டமாக ஆடும்போது அணிக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம், அதிகமானால் இரண்டு பேர் மட்டுமே பேசுவார்கள். ஒரு குறிப்புக்கு ஒரு நிமிடம். எழுத்து எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொன்னால் 5 மதிப்பெண்; இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தைக் கேட்டு வாங்கினால் 3; வாலையே கேட்டு வாங்கினால் 1. முதல் சொல்லின் எழுத்தை உதவியாகக் கொடுக்காதீர்கள். அடைமொழி கிடைத்துவிட்டால் மீதி தானாக விழுந்துவிடும், தலைச்சொல்லின் எழுத்து அப்படி விழாது. குறிப்புக்கும் எதுகைக்கும் பொருந்துகிற வேறு விடையை யாராவது சொன்னால், எழுதியவர் நினைக்காததாக இருந்தாலும் முழு மதிப்பெண் கொடுத்துவிட வேண்டும். பிழை குறிப்பில் இருக்கிறது.

பிற மொழிச் சொற்களை ஏற்பதா என்ற கேள்வி எப்போதும் எழும். அன்றாடம் புழங்கும் சொல்லாக இருந்து, தமிழ் ஒலியில் அடங்கினால் ஏற்கலாம். ‘சோப்பு’ தாராளமாகத் ‘தோப்பு’டன் சேரும். ‘பஸ்’, ‘கேக்’ மாதிரியான சொற்களுக்கு இணை கிடைப்பதே அரிது, அவற்றைப் பற்றிச் சண்டை போடத் தேவையே வராது.

ஆடிப் பார்க்கச் சில. எண்கள் அகராதி வடிவத்துக்கு.

பொன் வணிகர்களின் அமைப்பு (4, 4)
உதட்டின் மேல் முடி வளர்க்க விருப்பம் (2, 2)
சொன்னதைச் சொல்லும் பால் நிறப் பறவை (3, 3)
ஏழு நாள்களின் சுமை (3, 3)
வானத்தின் நிறத்தில் ஆற்றைக் கடக்கும் வழி (3, 3)
நூலில் நேர்ந்த தவறு (2, 2)
அப்பாவைப் பெற்றவள் எறியும் ஆயுதம் (3, 3)
வானில் வட்டமிடும் பறவைக்கு வைத்த பந்தி (4, 4)
பூமிக்கு அடியில் நாடக மேடை (5, 5)

விடைகள், வரிசையாக: தங்கச் சங்கம், மீசை ஆசை, வெள்ளைக் கிள்ளை, வார பாரம், நீலப் பாலம், இழைப் பிழை, பாட்டி ஈட்டி, பருந்து விருந்து, சுரங்க அரங்கம்.